சீனடியும் பிரேசிற் பிடியும்
சீனப் போர்க்கலைஞரிடையே ஜியு-ஜிட்சு பரவிய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் கட்டப்பட்ட காலத்தில் அப்பகுதிக் கடைத்தெருக்களிலே சீனத் தொழிலாளரைக் காண்பது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. நிலையத்தின் முதற் கட்டம் 2011ஆம் ஆண்டிலும் எஞ்சிய பகுதி 2014ஆம் ஆண்டிலும் நிறைவெய்தின. அந்நாளில் நான் சிறுவன். சீனர் ஒருவர் எதிர்ப்பட்டால் என் வயதினர் காலை அகற்றி நின்று கைகளை உயர்த்தி, "சீனடி தெரியுமா?" என்று கேட்பது வழக்கம். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். எமது மொழியை அவர்கள் அறியார். அவர்களுடையது என்று நாம் நம்பியிருந்த அச்சண்டை முறையையும் அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அதே ஆண்டுகளில் பெய்ஜிங்கிலும் சியானிலும் இளைஞர் பலர் பிரேசில் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு மற்கலையை முனைந்து கற்றுக்கொண்டிருந்தனர் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே வாசித்தறிந்தேன். இக்கட்டுரை அவ்வியப்பிலிருந்து பிறந்தது.

சீனடி என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே அது சிலம்படியோடு இணைத்துப் பேசப்படுவது. எமது கரையோரத்திலும் வழங்குவது. சிங்கள மக்களும் அச்சொல்லையே ஆளுகின்றனர். அடி என்பதற்கு அடித்தல் என்றும் காலடி என்றும் இரு பொருளும் கொள்ளலாம். சீனம் என்ற முன்னொட்டுக்குக் காரணம் தேடுவோர் பழைய கடல் வாணிகத்தைச் சுட்டுவர். அவ்வாணிகத்துக்குச் சான்றுகள் குறைவல்ல. 1344ஆம் ஆண்டிலே இபின் பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' என்னும் பட்டினம் புத்தளமே என்பர். ஆங்கு ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட அப்பயணி பின்னர் சீனமும் சென்றவர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய காலிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்ட அக்கல்லின் தமிழ்ப் பகுதி, சீனப் பேரரசர் தெனவரை நாயனாருக்கு வழங்கிய காணிக்கைகளைக் கூறுகின்றது. ஆயினும், கப்பல் வந்தமைக்குச் சான்று உண்டு என்பதனாற் கலை வந்தமைக்கும் சான்று உண்டு என்றாகிவிடாது. சீனி என்கிறோம், சீனவெடி என்கிறோம். அயலிலிருந்து வந்ததாகத் தோன்றிய பொருளுக்குச் சீனத்தின் பெயரைச் சூட்டுவது எம்மவர் பழக்கம். கலையின் பெயர் அதன் பிறப்பிடத்தைக் காட்டும் என்று எளிதில் நம்புதற்கில்லை. பிரேசில் ஜியு-ஜிட்சுவின் கதை இதற்கு இன்னுமொரு எடுத்துக்காட்டாகும்.

ஜியு-ஜிட்சு என்பது யப்பானியச் சொல். மென்மை அல்லது நெகிழ்வின் கலை என்பது அதன் பொருள். மேன்மிங் காலத்துச் சீனரான சென் யுவான்யுன் (1587 - 1671) யப்பானிற் குடியேறி, ஏடோ நகரத்து ஆலயமொன்றிலே போர்வீரர் மூவருக்குச் சீனப் பிடிமுறைகளைக் கற்பித்தார் என்றும், ஜியு-ஜிட்சு அதிலிருந்து பிறந்தது என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. ஆனால் அவர் வருகைக்கு முன்னரே யப்பானில் இத்தகைய மல்முறைகள் இருந்தமையால் வரலாற்றாசிரியர் இக்கதையை முழுமையாக ஏற்பதில்லை. 1882ஆம் ஆண்டிலே கானோ ஜிகோரோ என்னும் கல்வியாளர் பழைய ஜியு-ஜிட்சுப் பிரிவுகளை ஆராய்ந்து, ஆபத்தானவற்றை நீக்கி, இருவர் முழு வலிமையோடு பயிலத்தக்க முறையொன்றை வகுத்தார். கோடோக்கான் என்னும் அவரது கல்விக்கூடத்திலிருந்து வெளிவந்ததே யூடோ. கொல்லும் நுட்பங்களைக் கனவிற் பயிலுவதிலும் பார்க்க, கொல்லாத நுட்பங்களை எதிர்த்து நிற்கும் உடலின்மீது நாடோறும் பயிலுவது மனிதனை வலியவனாக்கும் என்பதே அவர் கண்ட உண்மை. பின்னர் நிகழ்ந்தவை யாவற்றுக்கும் இதுவே வித்து என நான் கருதுகின்றேன்.

கோடோக்கானின் மாணவருள் ஒருவரான மாயேதா மிட்சுயோ 1904இல் ஐக்கிய அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஐரோப்பா, கியூபா, மெக்சிக்கோ எனப் பல நாடுகளிலே மல்லர்களோடும் குத்துச்சண்டைக்காரரோடும் பணத்துக்காகப் பொருதி, 1914இற் பிரேசிலை அடைந்து, ஈற்றில் அமேசன் நதிமுகத்திலுள்ள பெலெம் நகரிற் குடியேறினார். 1941இல் அந்நகரிலேயே காலமானார். யூடோவிலே தரையிற் பொருதும் நுட்பங்களைக் கோடோக்கான் விதிகள் 1925இற் கட்டுப்படுத்தின. மாயேதாவோ அதற்கு இரு தசாப்தங்கள் முன்னரே நாட்டை நீங்கியவர். ஸ்கொட்லாந்து வழிவந்த கிரேசி குடும்பத்து இளைஞரான கார்லோஸ் அவரிடமிருந்தோ அவர்தம் மாணவரிடமிருந்தோ (இதிற் கருத்து வேறுபாடு உண்டு) இக்கலையைக் கற்றார். அவரது தம்பியருள் ஒருவரான ஹேலியோ மெலிந்த உடலினர். எதிரியின் கீழே கிடந்தவாறே அவனை அடக்கும் முறைகளிற் பெரிதும் ஈடுபட்டார். றியோ டி ஜெனீரோவிற் பயிற்சிக்கூடம் அமைத்த கிரேசியர், எம்முறையாரும் வந்து பொருதலாம் என்று பகிரங்க அறைகூவல் விடுத்தனர். வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. 1951ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மரக்கானா அரங்கிலே யப்பானிய யூடோ வீரர் கிமுரா மசாஹிக்கோ ஹேலியோவின் கையை முறுக்கி முறித்தார்; ஹேலியோ தரையைத் தட்டித் தோல்வியை ஒப்பவில்லை, தமையனே போட்டியை நிறுத்தினார். அன்று அவரது கையை முறித்த பூட்டைப் பிரேசிலியர் இன்றும் 'கிமுரா' என்றே அழைக்கின்றனர். தம்மை வென்றவனின் பெயரைப் பாடத்திட்டத்திற் சேர்த்துக்கொண்ட இச்செயலை, ஆண்டு விவரங்கள் அனைத்தினும் மேலான சான்றாக நான் மதிக்கின்றேன்.

இவ்விடத்து எமக்கு அண்மையிலுள்ள ஓர் ஒப்பீட்டைக் கூறாது செல்ல மனமில்லை. மாயேதா பெலெமை அடைவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1905இல், கவி தாகூர் சாந்திநிகேதனத்துக்குச் சானோ ஜின்னோசுகே என்னும் யூடோ ஆசிரியரை வரவழைத்தார். 1929இல் மற்றோர் ஆசிரியராகிய தகாகாகி ஷின்ஸோவும் வந்தார். மாணவியரும் அவரிடம் பயின்றனர். ஆசிரியரின் தகுதியிற் குறைவில்லை. வரவேற்றவரோ உலகப் புகழ் பெற்றவர். இருந்தும் வங்கத்து மண்ணில் அது பிரேசிலிற் போல வேர்கொள்ளவில்லை. சாந்திநிகேதனத்தில் யூடோ ஒரு நல்ல பாடமாக இருந்தது. வட இந்திய அகாடாக்களின் மல்லரோடு அது மோதவில்லை என்பதே காரணமாகலாம். பெலெமிலும் றியோவிலும் அதற்குக் கிடைத்த வரவேற்பு மரியாதை குறைந்தது. சர்க்கஸ் கூடாரங்களிலும் நாடக அரங்குகளிலும் கபோய்ரா ஆட்டக்காரரையும் மல்லரையும் எதிர்த்து நின்று அது தன்னை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

உலகம் இதனைக் கண்டது 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரிலாகும். எடைப்பிரிவு இன்றிப் பல்வேறு முறையினரும் பொருதிய யூ.எப்.சி. என்னும் முதற் போட்டியிலே, ஹேலியோவின் மகனான ரொய்ஸ் கிரேசி, பருமனிற் பெரிய கவர்ச்சியேதுமற்ற இளைஞர், ஓரிரவில் மூவரை வென்றார். அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த இரண்டாம் போட்டியில் அவரிடம் கைப்பூட்டிலே தோற்றவருள் ஐந்து மிருக குங்பூ முறை பயின்ற அமெரிக்கர் ஜேசன் டெலூசியாவும் ஒருவர். சீனப் போர்க்கலையின் பெயரைத் தாங்கிய ஒருவர் இப்புதிய கலையோடு பலர் காணப் பொருதிய தொடக்க நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. களமும் பொருதியவரும் சீனத்துக்கு வெளியே இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இனிச் சீனத்துள் நிலைமை என்ன என்று காண்போம். சீனரிடம் மல்வித்தை இல்லை என்று எண்ணுதல் பிழை. ஷுவாய்ஜியாவ் எனப்படும் வீழ்த்து மற்கலை தொன்மையானது. மூட்டுகளைப் பற்றி முறுக்கும் சின்னா நுட்பங்களும் பல மரபுகளில் உண்டு. எனினும் ஷுவாய்ஜியாவில் எதிரி நிலத்திற் பட்டதும் ஆட்டம் முடிந்துவிடும். வீழ்ந்த பின் தொடரும் சமரைப் பயிலும் பழக்கம் அங்கு வளரவில்லை. போர்க்களத்தை எண்ணி வகுத்த கலைகளில் இது இயல்பே. பலர் சூழ்ந்த களத்திலே நிலத்தில் உருளுபவன் மிதிபட்டே சாவான்.

தேசிய அரசாங்கத்தின் ஆதரவில் 1928இல் நான்கிங்கிலே மத்திய குவொஷு நிலையம் நிறுவப்பட்டபோது, மரபுக் கலைகளை மேடையேற்றிப் பொருதச் செய்யும் தேர்வுகளும் நடத்தப்பட்டன. இம்முயற்சி தொடர்ந்திருப்பின் கதை வேறாகியிருக்கலாம். யுத்தமும் புரட்சியும் இடையிட்டன. 1949இன் பின் புதிய அரசு வுஷுவை உடற்பயிற்சியாகவும் அரங்கக் கலையாகவும் ஒழுங்குபடுத்தியது. 1956இல் வகுக்கப்பட்ட இருபத்துநான்கு அசைவுத் தாய்ச்சி இதன் சிறந்த விளைபொருள். கோடிக்கணக்கானோரின் உடல்நலத்துக்கு அது உதவியது என்பதில் ஐயமில்லை. பொருதிப் பார்க்கும் வழக்கமோ ஹொங்கொங், மக்காவோ போன்ற புறநகரங்களில் ஒதுங்கியது. 1954 ஜனவரியில் மக்காவோவிலே தாய்ச்சி ஆசான் வூ கொங்யியும் வெண்கொக்கு முறை சார்ந்த சான் ஹக்-பூவும் நிதியுதவிக்காக மேடையேறினர். பத்திரிகைகள் மாதக்கணக்கில் அதனைப் பேசின. ஹொங்கொங்கின் புதிய வீரக்கதை நாவல்கள் தோன்றுதற்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று. வெற்றி தோல்வியின்றி முடிந்த அச்சிறு போரை இன்று படச்சுருளிற் பார்ப்பவர்க்கு, ஒழுங்கற்ற கையடிகளன்றி வெண்கொக்கும் தெரியாது, தாய்ச்சியும் தெரியாது.

சீன அரசே இக்குறையை உணர்ந்து 1979இற் சண்டா என்னும் போட்டிமுறையைப் பரிசோதனையாகத் தொடங்கியது. குத்து, உதை, வீழ்த்து என்னும் மூன்றும் அதில் உண்டு. உதைத்த காலைப் பற்றி வீழ்த்துவதிலே சண்டா வீரர் பேர்பெற்றவர். ஆனால் ஒருவர் விழுந்ததும் நடுவர் இருவரையும் பிரித்து எழுப்பிவிடுவார். ஆகவே சண்டா வீரன் எதிரியை நிலத்துக்குக் கொண்டு செல்ல வல்லவனாகவும், சென்றபின் செய்வதறியாதவனாகவும் இருந்தான். பிரேசிற் கலை நுழைந்த கதவு இதுவேயாம். (திரைப்படப் பிரியர் ஒரு செய்தியை நினைவுகூரலாம். 1973இல் வெளிவந்த புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' படத்தின் தொடக்கச் சண்டை நிலத்திலே பூட்டுப் போட்டு, எதிரி தட்டி ஒப்புக்கொள்வதுடன் முடிகின்றது. அக்காட்சியைக் கண்ட எத்தனை பேர் குதியுதைகளை மறந்து அப்பூட்டைப் பயின்றனர்?)

புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலே பெருநகரங்களில் வாழ்ந்த அயல்நாட்டார் மூலமும், வெளிநாடு சென்று மீண்டோர் மூலமும் ஜியு-ஜிட்சு வகுப்புகள் தோன்றின. சீனமொழியில் அது 'பாசி றோஷு' எனப்பட்டது. பாசி என்பது பிரேசில், றோஷு என்பது ஜியு-ஜிட்சுவை எழுதும் அதே இரு எழுத்துகளின் சீன ஒலிப்பு. அவ்விரு எழுத்துகளும் சீனத்தில் சர்க்கஸ் பெண்கள் உடலை வளைத்துக் காட்டும் வித்தைக்கும் பெயராம். தொடக்கக்கால மாணவர் தம் வீட்டாருக்கு இப்பெயரை விளக்கப் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

2005இற் பெய்ஜிங்கிலே 'ஆர்ட் ஒவ் வோர்' என்னும் கலப்புச் சண்டைப் போட்டித்தொடர் தொடங்கியது. அதிற் பொருத வந்தோர் பெரும்பாலும் உடற்கல்வி நிறுவனங்களின் சண்டா வீரரும் மல்லருமாவர். பாரம்பரிய ஆசான்களின் தலைமை மாணவர் முன்னுக்கு வரவில்லை. இழப்பதற்குப் பரம்பரைப் பெயர் எதுவும் இல்லாதவரே முதலிற் கற்க வந்தனர் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். உள் மொங்கோலியாவைச் சேர்ந்த ஜாங் தியெச்சுவான் இவ்வகையினர். இளமையில் மல்யுத்தமும், பின்னர் சியான் உடற்கல்வி நிறுவனத்திற் சண்டாவும் பயின்ற இவர், ஜியு-ஜிட்சுவையும் சேர்த்துக்கொண்டார். 2010இல் அமெரிக்க மேடையேறி, முன்னிருந்து கழுத்தை அணைத்து நெரிக்கும் பிடியால் வென்றார். 2011 பெப்ரவரியிற் சிட்னியிலே யூ.எப்.சி.யிற் பொருதிய முதற் சீன வீரரானபோதும் அதே பிடியே அவருக்குக் கைகொடுத்தது. மொங்கோலிய மல்லனின் இடுப்பு வலிமையும் பிரேசிலியரின் கழுத்துப் பிடியும் ஓருடலிற் கூடியதை இங்குக் காண்கின்றோம். நுரைச்சோலையில் நாங்கள் கையை உயர்த்தி நின்றது ஏறக்குறைய இதே காலத்திலாகும்.

மரபாளரின் எதிர்வினை என்ன? 2017 ஏப்ரலிற் செங்டு நகரிலே, சண்டா பயின்று கலப்புச் சண்டைக்கு மாறிய சூ சியாவொதொங், தாய்ச்சி ஆசான் என்று தம்மை அழைத்துக்கொண்ட வெய் லெய்யை ஏறத்தாழ இருபது செக்கனில் வீழ்த்தினார். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. சீன வுஷுச் சங்கம் கண்டனம் தெரிவித்தது. இந்நிகழ்ச்சியைச் சிலர் ஒரு பெருந் திருப்புமுனையாக எழுதுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதில் வென்றவர் புதிதாய் எதையும் கற்பிக்கவில்லை. தோற்றவர் எதையும் கற்றதாகவும் தெரியவில்லை. கேலி செய்யப்பட்ட மனிதன் தன் கொள்கையை இறுகப் பற்றுவானேயன்றி நெகிழவிடான். கலையை உண்மையிற் பரப்பியவர், கூச்சலின்றி மாலைதோறும் பாயில் உருண்ட சிறு கூட்டத்தினர்.

அக்கூட்டத்திலிருந்து எழுந்தவருள் ஜாங் வெய்லியைத் தனியே குறிப்பிடல் வேண்டும். ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த இவர் சிறுமியாகப் போர்க்கலைப் பள்ளியிற் சேர்ந்து, சண்டாவில் மாகாண வெற்றி பெற்று, முதுகுக் காயத்தால் விலகியவர். பெய்ஜிங்கில் உடற்பயிற்சி நிலையமொன்றிற் பணிபுரிந்த காலத்திலே, ஆர்ட் ஒவ் வோரிற் பொருதிய வூ ஹாவ்தியானின் தொடர்பு ஏற்பட, ஜியு-ஜிட்சு கற்கத் தொடங்கினார். 2019 ஓகஸ்ட் 31இல் ஷென்ஜென் நகரிலே பிரேசில் வீராங்கனை ஜெசிக்கா அன்ட்ராடேயை 42 செக்கனில் வென்று யூ.எப்.சி. பட்டம் பெற்ற முதற் சீனரானார். அவ்வெற்றி குத்தாலும் முழங்காலாலும் வந்தது. இடையே இழந்த பட்டத்தை 2022 நவம்பரில் நியூயோர்க்கிலே மீட்டபோது, பின்னிருந்து கழுத்தை நெரித்து வென்றார். பத்திரிகைகள் முதல் வெற்றியைக் கொண்டாடின. எமது பொருளுக்கோ இரண்டாவதே முதன்மையானது. ஷாவொலின் பெயரால் வளர்ந்த பள்ளியிற் தொடங்கிய ஒருவரின் கையிலே பெலெமில் முளைத்த பிடி தாய்மொழி போலப் பழகிவிட்டதை அங்குக் கண்டோம்.

சீனர் சிலர் இக்கலையை ஏற்பதற்குச் சென் யுவான்யுன் கதையைத் துணைக்கழைப்பதுண்டு: ஜியு-ஜிட்சு எமது நாட்டிலிருந்து சென்றதே, இன்று வீடு திரும்புகின்றது என்பது அவர்தம் வாதம். சிரிக்குமுன் நாம் எம்மையும் நோக்குதல் தகும். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பது தமிழருட் பலரின் பெருமிதம். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதனை வீடுதோறும் சேர்த்தது. போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, ஆறாம் நூற்றாண்டினது, அவரை மேற்றிசையினர் என்கிறது; தென்னிந்தியர் என்பது அடுத்த நூற்றாண்டுகளில் வலுப்பெற்ற மரபு. அவர் போர்க்கலை கற்பித்தார் என்பதற்கு அப்பழைய நூல்களில் இடமேயில்லை. அவர் பெயரிலுள்ள தசைப்பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டை ஒட்டித் தோன்றியது. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, ஷாவொலின் கதையையும் வூடாங் கதையையும் 1930இலேயே மறுத்துரைத்தவர் தாங் ஹாவ் என்னும் சீனர். அவரே ஒரு போர்க்கலைஞருமாவார். தம் கலையின் புனைகதையைத் தாமே களைந்த அம்மனிதருக்கு நாட்டவரிடம் கிடைத்தது பெரும்பாலும் பகையே.

சென்ற விடுமுறையில் எமது கரையோரத்திலே முன்னர் சீனடி பயிற்றிய முதியவர் ஒருவரைக் கண்டேன். இன்று அவரை அழைப்பவர் கலியாண வீட்டாரே. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னே சிறுவர் இருவர் கம்பு வீசினாற் போதுமென்பர். வெய்லி கழுத்தை நெரித்து வென்ற காட்சியைக் கைத்தொலைபேசியிற் காட்டினேன். இருமுறை கூர்ந்து பார்த்தார். "மகன், இது நம்மட பிடிதானே" என்றார். அப்படியாயின் எனக்குக் காட்டித் தாருங்கள் என்று நிலத்தில் அமர்ந்தேன். முதியவர் என் பின்னே வந்து முழந்தாளிட்டு, கையைக் கழுத்தின் குறுக்கே கொணர்ந்து, மறு கையை எங்கே வைப்பதென்று சற்றுத் தேடினார். பின் கையை எடுத்துக்கொண்டு, "விழுந்தால் உடனே எழும்பு எண்டுதான் எங்கட அண்ணாவியார் சொல்லித் தந்தார்; விழுந்த பிறகு என்ன செய்யிற எண்டு அவர் சொல்லேல்ல" என்றார். காட்சியை மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார்.